ஏத்தத்துக்கு எந்த மோட்டார், எந்த வீல்? சைக்கிளை கரண்டு வண்டி ஆக்குறவங்களுக்கு

கேள்வி: குலசேகரம் பக்கத்துத் தம்பி, 9 ஜூன் 2024

அண்ணே, அப்பா ரப்பர் பால் வெட்டுக்கு விடியுமுன்னே சைக்கிள்ல போறாங்க. பழைய 28 இஞ்ச் வண்டி, கம்பி பிரேக். வீட்டுல இருந்து தோட்டம் வரைக்கும் ஏத்தம்தான் கூடுதல். இப்போ மூட்டுவலி வேற. கடையில கேட்டா, "1000 வாட் கியர் இல்லாத மோட்டார் போடு, எந்த ஏத்தமும் ஏறும், 250 வாட்டெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு"ன்னு சொல்றாங்க. நான் விசாரிச்சதுலயும் வாட் கூடினா பெலம் கூடும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அதையே வாங்கலாமா?

9 ஜூன் 2024, ராத்திரி

வாங்காத. வாட்டுல இருந்து தொடங்காத தம்பி, ஏத்தத்துல இருந்து தொடங்கு.

அப்பா 65 கிலோன்னு வை. சைக்கிள், மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து 30. கேரியர்ல சாமான் 15. மொத்தம் 110 கிலோ. 100 மீட்டர் போனா 8 மீட்டர் உயருற ஏத்தம்னா, பின்னால இழுக்குற பாரம் 110-ல 8 சதவீதம், அதாவது 8.8 கிலோ. டயர் உருளுறதுக்கு இன்னொரு கிலோ. அந்த இழுப்பை மணிக்கு 12 கி.மீ. வேகத்துல ஏத்த சுமார் 320 வாட் வேணும். அப்பா மெதுவா மிதிச்சாலே 80, 100 வாட் தருவாங்க. மிச்சம் 220, 240 வாட்தான் மோட்டார் வேலை.

250 வாட் சின்னப் பிள்ளைங்களுக்குன்னு சொன்னவர் ஏத்தத்துல எந்த வேகத்துல போகணும்னு உன்கிட்ட கேட்டாரா? 12-க்குப் பதிலா 24-ல ஏறணும்னா வாட் ரெண்டு மடங்கு வேணும். பால் வெட்டப் போறவருக்கு அந்த வேகம் எதுக்கு, அதுவும் இருட்டுல, சரல் ரோட்டுல?

10 ஜூன் 2024

நேத்து விட்டுப்போனது. 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், 25 கி.மீ.க்குள்ள வேகம்னு இருந்தாத்தான் ரெஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் இல்லாம ஓட்டலாம். 1000 வாட் போட்டா சட்டப்படி அது மோட்டார் வாகனம். மார்த்தாண்டம் ரோட்டுல ஒரு லாரிக்காரன் உரசினா, யார் தப்புங்கிறதுக்கு முன்னாடி உன் வண்டி என்ன வண்டிங்கிற கேள்வி வரும். அப்பா பேர்ல அந்தத் தலைவலி வேண்டாம்.

12 ஜூன் 2024

கியர் உள்ளது, இல்லாதது பற்றி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ரெண்டையும் கழத்திப் பாத்தவன் கண்ணுல பட்டதைச் சொல்றேன்.

கியர் இல்லாததுல அசையற சாமான் ஒண்ணுதான். நடுவுல செம்புக் கட்டு அச்சோட நிக்கும், வெளி ஓட்டுல காந்தம் ஒட்டியிருக்கும், ஓடு சுத்தும், அதுவே வீல். சத்தம் கிடையாது, தேயறதுக்கு பேரிங் தவிர ஒண்ணுமில்ல. ஆனா கனம் கூடுதல், அஞ்சாறு கிலோ சாதாரணம். பேட்டரி தீர்ந்து மிதிச்சா காந்தம் பிடிச்சு இழுக்கும். ஏத்தத்துல அதுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கு. 28 இஞ்ச் வீல் 12 கி.மீ. வேகத்துல நிமிஷத்துக்கு 90 சுத்துதான் சுத்தும். காந்தமும் அதே 90. அவ்வளவு மெதுவாச் சுத்துற மோட்டார், வாங்குற கரண்டுல பாதிக்குப் பக்கத்தைச் சூடாக்கியே தீர்த்துடும்.

கியர் உள்ளதுல மூடியைத் திறந்தா மூணு வெள்ளை நைலான் பல்சக்கரம், நடுவுல சின்ன இரும்புப் பல், சுத்தி கிரீஸ். உள்ள இருக்குற மோட்டார் வீலை விட சுமார் 5 மடங்கு வேகத்துல சுத்தும். வீல் 90-ல போகும்போது மோட்டார் 450-ல போகும். அதுக்கு அதுதான் சவுகரியமான வேகம். எடை மூணு கிலோ சொச்சம். உள்ளேயே ஒருவழிக் கிளட்ச் உண்டு, அதனால பேட்டரி தீர்ந்தாலும் சாதா சைக்கிள் மாதிரி மிதிக்கலாம். நைலான் பல் தேயும், உண்மை. இரும்புப் பல் போட்டா சத்தம் தாங்காதுன்னுதான் நைலான் வைக்கிறான். தேஞ்சா மூணு பல்சக்கரமும் சேர்த்து மாத்தணும், ஒண்ணை மட்டும் மாத்தினா புதுசு தனியாப் பாரம் வாங்கி உடையும்.

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை, அருமனை பக்கம் எல்லாம் கியர் உள்ளது. நாகர்கோவில் டவுண், கடற்கரை ரோடு, சமதரைன்னா ரெண்டும் சரி.

13 ஜூன் 2024

மோட்டார் ஓட்டுல 201, 260, 328 இப்படி ஒரு எண் இருக்கும். அது 36 வோல்ட்ல பாரம் இல்லாம நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிறது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், நீதான் பாக்கணும். வீல் ஒரு சுத்து சுத்தினா 28 இஞ்ச் சுமார் 2.2 மீட்டர் போகும், 26 இஞ்ச் 2.07, 20 இஞ்ச் 1.57. கணக்குப் போட்டுப் பாரு:

201 மோட்டார் 28 இஞ்ச்ல 26 கி.மீ. சொச்சம், 26 இஞ்ச்ல 25, 20 இஞ்ச்ல 19.
328 மோட்டார் 28 இஞ்ச்ல 43, 26 இஞ்ச்ல 40 சொச்சம், 20 இஞ்ச்ல 31.

பாரம் ஏறினா இதுல அஞ்சுல ஒரு பங்கு குறையும். 48 வோல்ட் பேட்டரி போட்டா எல்லாம் மூணுல ஒரு பங்கு கூடும். அப்பாவுக்கு 201, 36 வோல்ட்.

16 ஜூன் 2024

திருவட்டாறுல இருந்து ஒருத்தர் எழுதியிருந்தார்: "சுத்து குறைஞ்ச மோட்டார்னா ஏத்தத்துல சூடு குறையும், அதான் 201, சரிதானே?" இதைக் கொஞ்சம் நிதானமாப் பேசணும். வைண்டிங் வேலையில இருக்குறவனுக்கு இது கையில தெரியுற விஷயம்.

ஒரே மோட்டார், ஒரே காந்தம், ஒரே அளவு செம்பு. ஒண்ணுல தடிச்ச கம்பியில 8 சுத்து, இன்னொண்ணுல மெலிஞ்ச கம்பியில 16 சுத்துன்னு வையுங்க. 8 சுத்துக் கட்டு ரெண்டு மடங்கு வேகம் ஓடும். அதே பெலம் தர அதுக்கு ரெண்டு மடங்கு கரண்டு வேணும், ஆனா அதோட தடை நாலுல ஒண்ணுதான். கரண்டை அதாலேயே பெருக்கித் தடையாலயும் பெருக்கினாத்தான் சூடு. ரெண்டுக்கும் ஒரே விடை. அதே பெலத்துல அதே வேகத்துல இழுத்தா, எந்தக் கட்டா இருந்தாலும் செம்புல வர்ற சூடு ஒண்ணுதான்.

அப்போ ஏன் 201? ரெண்டு காரணம். அதே பெலத்துக்கு 328-க்கு ஒண்ணரை மடங்குக்கு மேல கரண்டு வேணும், அது வர்றது அச்சு வழியா நுழையுற மெலிஞ்ச வயர்லயும், மோட்டார் கிட்டோட வர்ற சின்ன கண்ட்ரோலர்லயும் (பேட்டரி கரண்டை மோட்டாருக்கு அளந்து விடுற பெட்டி). அந்தக் கண்ட்ரோலருக்கு ஒரு வரம்பு உண்டு, அதுக்கு மேல தராது. ஏத்தத்துல நடுவுல நிறுத்தி எடுக்கும்போது 328 முனகிட்டு நிக்கும், 201 எடுத்துப் போகும். ரெண்டாவது, 201 தானாவே 25-ல நிக்கும், சட்டத்துக்குள்ள. பேரன் எடுத்து ஓட்டினாலும் 40-ல பறக்க முடியாது.

சூட்டை உண்மையாக் குறைக்கிறது கியரும் சின்ன வீலும். 28-ல இருந்து 26-க்கு மாறினா அதே இழுப்புக்கு மோட்டார்ல பெலம் 6 சதவீதம் குறைவாப் போதும். பெலத்துக்குத் தகுந்த கரண்டு, கரண்டுக்குக் கரண்டு பெருக்கின சூடு, அதனால சூட்டுல சுமார் 12 சதவீதம் குறையும். வீலை மாத்தி இவ்வளவு கிடைச்சா நல்லதுதானே.

21 ஜூன் 2024

இப்போ முக்கியமான சங்கதிக்கு வருவோம். மோட்டாரைப் பற்றி பத்து பேர் பேசினா வீலைப் பற்றி ஒருத்தர் பேசறதில்ல. எங்கிட்ட பழுதுன்னு வர்ற வண்டியில மோட்டார் எரிஞ்சது கொஞ்சம். வீல் கம்பி (ஸ்போக்) அறுந்தது, அச்சு சுத்தினது, வயர் முறுகி அறுந்தது, இதுதான் அதிகம்.

தம்பியோட அப்பா வண்டியிலயே பாருங்க. நம்ம பழைய 28 இஞ்ச் சைக்கிள்ல முன் ரிம்முக்கு 32 ஓட்டை, பின் ரிம்முக்கு 40 ஓட்டை. சந்தையில கிடைக்குற ஹப் மோட்டார், அதாவது வீல் நடுவுல உக்காருற இந்த மோட்டார், பெரும்பாலும் 36 ஓட்டை. முன்னாலயும் சேராது, பின்னாலயும் சேராது. சிலர் 40 ரிம்முல நாலு ஓட்டையை விட்டுட்டு 36 கட்டித் தர்றாங்க. கம்பி இழுப்பு ஒரே சீரா வராது, விட்ட இடத்துல ரிம் தொளதொளன்னு இருக்கும். பாரம் ஏத்துற வண்டிக்கு அது வேண்டாம்.

சரி, 36 ஓட்டை 26 இஞ்ச் ரிம் போட்டா? கம்பி பிரேக்கோட கட்டை ரிம்மை உள்பக்கமா மேல இழுத்துப் பிடிக்கிறது. ரிம் சின்னதானா கட்டை எட்டாது. பிரேக் இல்லாம ஏத்தம் ஏறலாம், இறங்க முடியாது.

அகலமும் இடிக்கும். பின் மோட்டாருக்கு ஃபோர்க்குக்குள்ள 135 மி.மீ. இடம் வேணும், பழைய வண்டியில அவ்வளவு கிடையாது. இரும்பு ஃபிரேம்னா பைய விரிக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே அளவு விரியணும், நூல் கட்டிப் பாக்காம விரிச்சா வீல் ஒருபக்கம் சாஞ்சு ஓடும்.

22 ஜூன் 2024

தம்பி பதில் போட்டிருக்கார்: "அப்பா அந்த சைக்கிளை விடமாட்டாங்க, கல்யாணத்துக்கு வாங்கினது." விட வேண்டாம். அது ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகட்டும். தோட்டத்துக்கு வேற ஒண்ணு எடுங்க. இரும்பு ஃபிரேம், 26 இஞ்ச், 36 ஓட்டை இரட்டைச் சுவர் ரிம், பக்கவாட்டுல பிடிக்கிற பிரேக். பழசே போதும்.

முன்னால போடறதா பின்னாலயான்னும் கேட்டிருந்தார். ஏத்தத்துக்குப் பின்னால. கேரியர்ல பாரம் வேற இருக்கும், ஏறும்போது எடை இன்னும் பின்னுக்குப் போகும். முன் வீல்ல மோட்டார் இருந்தா ரப்பர் இலை நனைஞ்சு கெடக்குற இடத்துல சும்மா சுத்திட்டு நிக்கும்.

30 ஜூன் 2024

கம்பி. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துப் படியுங்க.

ஹப் மோட்டார் பெருசா இருக்கதுனால கம்பி குட்டையா வரும். சாதா சைக்கிள் மாதிரி ஒரு கம்பி மூணு கம்பியைத் தாண்டுறாப்ல பின்னினா, ரிம்முக்குப் போகும்போது சாஞ்சு போகும். நிப்பிள் (ரிம்முல கம்பியைப் பிடிக்கிற குட்டி நட்டு) நேரா உக்காரணும், கம்பி சாஞ்சு நுழையும், அந்த இடத்துல வளைஞ்சு வளைஞ்சு மரை தொடங்குற இடத்துல அறும். அதனால பெரிய கியர் இல்லாத மோட்டாருக்கு ஒரு தாண்டு, சின்ன கியர் மோட்டாருக்கு ஒண்ணு இல்லாட்டி ரெண்டு. அதுக்கு மேல வேண்டாம்.

தடிச்ச கம்பின்னா பெலம்னு 12 நம்பர் கேட்டு வாங்குறாங்க. 12 நம்பர் 2.6 மி.மீ., 13 நம்பர் 2.3, 14 நம்பர் 2. கம்பி பெலமா நிக்கிறது அதுல இருக்குற இழுப்பால. தடிச்ச கம்பியை நல்லா இழுக்குற அளவுக்கு ரிம் தாங்காது, ஓட்டைப் பக்கம் விரிசல் விடும். பயந்து குறைவா இழுத்தா ஒவ்வொரு பள்ளத்துலயும் கம்பி தளரும், நிப்பிள் தானாக் கழண்டு வரும். அறுந்து வர்ற வீல்ல தளர்ந்த கம்பிதான் பெரும்பாலும் காரணம். அப்பா வண்டிக்குப் பின்னால 13 நம்பர் போதும், நல்ல ரிம்முன்னா 14-உம் நிக்கும்.

மோட்டார் ஓட்டுல உள்ள ஓட்டை 3 மி.மீ. பக்கம் இருக்கும். 2 மி.மீ. கம்பி அதுல ஆடும். தலைக்கு அடியில ஒரு குட்டி பித்தளை வாஷர் போட்டா கழுத்து ஓட்டையில ஒட்டி உக்காரும். கழுத்துல அறுந்த கம்பியை எடுத்துப் பாருங்க. உடைஞ்ச முகத்துல பாதி கறுத்து மங்கலா இருக்கும், பாதி புதுசா மின்னும். கறுத்த பாதி என்னைக்கோ விரிசல் விட்டது, மின்னுற பாதி அன்னைக்கு அறுந்தது. அதைப் பாத்தாலே கம்பி எத்தனை நாள் ஆடிக்கிட்டு கெடந்திருக்குன்னு தெரியும்.

கோட்டம் எடுக்கிறவர் நல்லவரா அமையணும். தக்கலையில நான் வீல் குடுக்கிற பெரியவர் கம்பியை விரலால தட்டிச் சத்தம் கேட்டே இழுப்பைச் சொல்லுவார். ஒரு பக்கத்துக் கம்பி எல்லாம் ஒரே சுரத்துல வரணும். ஒண்ணு மட்டும் மந்தமா வந்தா அதுதான் முதல்ல அறும்.

14 ஜூலை 2024

ஆரல்வாய்மொழியில இருந்து தோவாளை சந்தைக்குப் பூ கொண்டுபோற ஒருத்தர்: "எனக்கு ஏத்தமே இல்ல, ஆனா காத்துல மோட்டார் திணறுது." கணவாய்க் காத்து மேற்கே இருந்து முகத்துல அடிக்கும், அதனாலதானே முப்பந்தல்ல இத்தனை காத்தாடி. காத்தில்லாத நாள் 25-ல போக 165 வாட் போதும். மணிக்கு 20 கி.மீ. சொச்சம் எதிர்க்காத்து அடிச்சா அதே 25-க்கு 430 வாட் வேணும். வேகத்தை 15-க்குக் குறைச்சா 200 வாட் பக்கத்துல முடிஞ்சுடும். பூக்கூடை வேற காத்தைப் பிடிக்கும், கேரியர்ல உசரமா வைக்காம ரெண்டு பக்கமும் தாழ்வாத் தொங்கவிடுங்க. 201 போடாதீங்க, அது ஏத்தக்காரங்களுக்கு. உங்களுக்கு 260. காத்து நாள்ல மோட்டாரை நம்புறதை விட பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புறது பேட்டரிக்கு நல்லது.

3 ஆகஸ்ட் 2024

முட்டத்துல மீன் விக்கிற ஒருத்தரோட கியர் இல்லாத மோட்டார் இன்னைக்கு மேசைக்கு வந்துது. சுத்தினா கரகரன்னு சத்தம். மூடியைத் திறந்தா செம்பு சுத்தியிருக்குற இரும்புத் தகடு அடுக்கு முழுக்கச் செந்துரு. காந்தத்துக்கும் அதுக்கும் இடையில ஒரு மி.மீ. கூட இடைவெளி கிடையாது, துரு செதில் செதிலா உதிர்ந்து அதுக்குள்ள மாட்டியிருக்கு. ஹால் சென்சார் (காந்தம் எங்க நிக்குதுன்னு கண்ட்ரோலருக்குச் சொல்றது) வயர்ல தோலை உரிச்சா செம்பு பச்சையாப் பூத்துக் கெடக்கு.

இத்தனைக்கும் அவர் வண்டியைக் கடல்ல இறக்கலை. தண்ணி எப்படிப் போச்சு? ஓடின மோட்டார் சூடா இருக்கும், உள்ள காத்து விரிஞ்சிருக்கும். மழைத் தண்ணி தேங்கின பள்ளத்துல இறங்கினதும் ஓடு குளிர்ந்து காத்து சுருங்கும். அப்போ வயர் நுழையுற அச்சு ஓட்டை வழியா வெளியில இருக்குற ஈரத்தை உறிஞ்சும். தினம் உறிஞ்சும். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, கடற்கரையில உப்பும் சேரும்.

குளிர்ச்சிக்குன்னு மூடியில ஓட்டை போடச் சொல்றாங்களே, கொளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, ராஜாக்கமங்கலம் பக்கம் அதைச் செய்யாதீங்க. வாங்கின உடனே, ஓட்டுறதுக்கு முன்னாடி திறந்து தகட்டு அடுக்கு மேல வைண்டிங் வார்னிஷ் ரெண்டு கோட்டு அடிச்சு நல்லாக் காயவிடுங்க, காந்தத்துல படக்கூடாது. பேரிங் ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதா மாத்துங்க. வயர் அச்சுல இருந்து வெளிவந்ததும் கீழே ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேல போகணும். தண்ணி வயர் வழியா ஓடி வந்தா அந்த வளைவுல சொட்டிப் போகும், அச்சுக்குள்ள போகாது.

4 ஆகஸ்ட் 2024

மூடியைத் திறக்கும்போது விரலைப் பாத்துக்குங்க. காந்தம் செம்புக் கட்டை இழுத்துட்டு டப்புன்னு ஒட்டும், நடுவுல விரல் இருந்தா நசுங்கிடும். பிள்ளைங்களைப் பக்கத்துல விடாதீங்க.

8 செப்டம்பர் 2024

இறக்கத்துல மோட்டாரே பிரேக் பிடிச்சு பேட்டரிக்குக் கரண்டு திருப்பித் தருமாமே, அதுக்காகக் கியர் இல்லாதது வாங்கலாமான்னு ரெண்டு மூணு பேர். தரும். ஆனா திரும்பி வர்றது செலவழிச்சதுல பெரும்பாலும் பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. அதை விட பிரேக் கட்டை தேய்மானம் குறையுறதும், மழையில ரிம் நனைஞ்சாலும் மோட்டார் பிடிக்கிறதும்தான் பெரிய உபகாரம். மலை மேல வீடு உள்ளவங்க காலையில முழு சார்ஜோட இறங்கும்போது மட்டும் பேட்டரியில இடம் இருக்காது, மோட்டார் பிரேக் வேலை செய்யாம விட்டுடும். கை பிரேக் சரியா இருக்கணும்.

இதுல இன்னொண்ணு. முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறி இழுத்தா அச்சு நட்டு தளரும். அச்சு உருண்டையா இருக்காது, ரெண்டு பக்கமும் 10 மி.மீ. அளவுக்குச் சப்பையா வெட்டியிருக்கும். அந்தச் சப்பைதான் மோட்டாரோட மொத்தத் திருகலையும் ஃபோர்க் காதுல (அச்சு உக்காருற வெட்டு) தாங்குது. காது விரிஞ்சா அச்சு சுத்தும், வயர் முறுகி அறும், முன் வீல்னா வீலே கழண்டு வரும். அச்சைப் பிடிச்சு ஃபோர்க்கோட கட்டுற இரும்புப் பிடி கட்டாயம் போடுங்க. கிட்டோட வர்றது மெலிசா இருந்தா லேத்துல 6 மி.மீ. பட்டையில வெட்டி வாங்குங்க. ஓட்டை அச்சுல தட்டித்தான் ஏறணும், ஆட்டம் இருந்தா போட்டதுல பிரயோஜனம் இல்ல. அலுமினியம் ஃபோர்க்ல முன்னால மோட்டார் போடவே போடாதீங்க.

27 அக்டோபர் 2024

தம்பியோட வண்டி ஓடுது! 201 கியர் மோட்டார் பின்னால, 26 இஞ்ச், 13 நம்பர் கம்பி, ஒரு தாண்டு, வாஷர் போட்டுக் கட்டினது. அப்பா சொன்னாங்களாம்: "மூட்டு வலிக்கல, ஆனா மோட்டாரை நம்பி மிதிக்காம இருக்க முடியல." ரொம்ப சரி. ஏத்தத்துல மிதிச்சுக்கிட்டே இருக்கணும், அதுவும் கிளம்பும்போது. வேகம் நடக்குற வேகத்துக்கு விழுந்தா இறங்கித் தள்ளுங்க. கியர் மோட்டாரை நிக்க வச்சுத் திருகினா நைலான் பல் இளகிடும்.

ஏத்தம் முடிஞ்சதும் ஓட்டைத் தொட்டுப் பாத்தா வெதுவெதுன்னு இருக்குன்னு எழுதியிருக்கார். கை வைக்க முடிஞ்சா பயமில்ல. ஆனா கியர் மோட்டார்ல சூடு ஓட்டுக்கு வர நேரமாகும், உள்ள இருக்குற கட்டு அதை விடக் கூடுதல் சூட்டுல இருக்கும். கை பொறுக்காத அளவு வந்தா உள்ள ஏற்கனவே அதிகம்னு அர்த்தம்.

17 நவம்பர் 2024

அதே தோட்டத்துல இன்னும் ரெண்டு பேருக்கு வேணுமாம். வரும்போது வீலோட வாங்க, மோட்டாரைத் தனியா வாங்கிட்டு ரிம் தேடாதீங்க. சைக்கிள் ஃபோர்க்கோட உள் அகலத்தை ஸ்கேல் வச்சு அளந்துட்டு வாங்க. ஒருத்தர் 90 கிலோ, ரப்பர் பாலும் ஷீட்டும் கேரியர்லயே இறக்குவாராம். அவருக்கும் 201-தான், ஆனா ஓடு கொஞ்சம் பெரிய மோட்டாராப் பாத்து எடுக்கணும், ரிம் அகலம் கூடினது, டயர் 2.1 இஞ்ச். மழை விடட்டும்.

தம்பி, அப்பா வீலை ஒருநாள் கொண்டு வா. புதுசாக் கட்டின கம்பி முதல் மாசத்துல ஒருதடவை தளரும், தட்டிப் பாத்து இழுத்து விட்டுடறேன்.